மூன்று பல் தள்ளிய பெல்ட்

என் அக்கா வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர் என்று யாராவது கேட்டால் நான் ஊசியில் ஆரம்பிப்பேன். அத்தான் துணி ஃபேக்டரியில் தையல் மிஷின் மெக்கானிக்காக இருந்தவர். ஒரு பெரிய கூடத்தில் முந்நூறு மிஷின், அத்தனைக்கும் சேர்த்து மூன்று மெக்கானிக். அங்கே ஒரு சட்டம் உண்டு. ஓடும்போது ஊசி உடைந்தால், உடைந்த துண்டெல்லாம் கைக்கு வந்து சேரும்வரை அந்த மிஷின் ஓடக்கூடாது. ஒரு துண்டு துணிக்குள் மாட்டிக்கொண்டு போனால் எங்கேயோ ஒரு பச்சைக் குழந்தையின் முதுகில் குத்தும் இல்லையா. அதனால் அத்தான் தரையில் மண்டி போட்டு, காந்தத்தால் தடவித் தடவித் துண்டுகளைப் பொறுக்கி, ஒரு தாளில் முழு ஊசி மாதிரி அடுக்கி ஒட்டிக் காட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பார். வருஷக்கணக்காக இதையே செய்த மனுஷன் வீட்டுக்கு வந்தால் மட்டும் மாறிவிடுவாரா? சட்டைப் பித்தான் ஒன்று அறுந்து விழுந்தால் போதும். அது கிடைக்கும்வரை வீட்டில் யாரும் பெருக்கக்கூடாது, நடக்கக்கூடாது. கல்யாணமான புதிதில் அக்கா காதுத் திருகாணி ஒன்றைத் தொலைத்துவிட்டு இரண்டு நாள் அவரிடம் மூச்சு விடவில்லையாம். திட்டுவாரே என்ற பயமில்லை, தேட ஆரம்பித்துவிடுவாரே என்ற பயம்.

இன்னொரு பழக்கமும் உண்டு. மிஷினைச் சரிசெய்து நூல் கோத்து முடித்ததும் உடனே மோட்டாரைப் போட மாட்டார். பக்கத்துச் சக்கரத்தைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்ப்பார். மேலே ஊசி இறங்குகிற நேரமும், அடியில் கொக்கி சுற்றி வருகிற நேரமும் சரியாகச் சந்திக்க வேண்டும். கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் ஊசி கொக்கியில் மோதி உடையும், அப்புறம் மண்டி போட வேண்டும். இந்த ‘கையால் ஒரு சுற்று’ அவருக்கு எல்லாவற்றிலும் உண்டு. அக்கா பள்ளிக்கூட டீச்சர். அவள் பள்ளிக்கூடத்துத் தையல் வகுப்பில் மிஷின் பழுது பார்க்க வந்தவர்தான் இவர். மனதில் இருப்பதை அவளிடம் சொல்வதற்கு முன்னால் பள்ளிக்கூடத்து வெளிச்சுவரை மூன்று தடவை சுற்றி வந்திருக்கிறார். இரண்டாவது சுற்றிலேயே வாட்ச்மேன் சந்தேகப்பட்டுப் பின்னாலேயே நடந்தாராம். அக்கா இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

அப்பா சிரிக்கவில்லை. அப்பா ஒரு பெரிய ஆபீசில் முப்பத்தொரு வருஷம் அதிகாரிகளுக்குக் கார் ஓட்டியவர். அவர் ஓட்டினால் பின்சீட்டில் வைத்த டம்ளரில் தண்ணீர் தளும்பாது. ஸ்டியரிங்கில் ஒருவன் எப்படிக் கை வைக்கிறான் என்பதைப் பார்த்தே ஆளை எடை போட்டுவிடுவார். அத்தானுக்கோ அப்போது கார் ஓட்டவே தெரியாது. ஆபீசிலேயே ஒரு பையனைப் பார்த்து அப்பா முடிவாக்கி வைத்திருந்தார். அக்கா தையல் மிஷின்காரரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள், கட்டியும்கொண்டாள். அப்பா கல்யாணத்துக்கு வந்தார், சாப்பிட்டார், கை கழுவினார். “அந்த ஆளோட எனக்குப் பேச்சில்ல” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சொன்னது சொன்னதுதான். ஒன்பது வருஷம்.

பேச்சில்லை என்றால் சண்டை என்று நினைத்துவிட வேண்டாம். அப்பா அக்கா வீட்டுக்கு வருவார், போவார், எதிரெதிர் நாற்காலியில் இருவரும் உட்கார்ந்திருப்பார்கள். “அவருக்கு இன்னும் கொஞ்சம் டீ வேணுமான்னு கேளு” என்பார் அப்பா. “போதும்னு சொல்லு” என்பார் அத்தான். இரண்டடி தூரத்தில் இருக்கும் இருவருக்கும் நடுவில் அக்கா நின்று தபால் பட்டுவாடா செய்வாள். முதலில் அம்மா பார்த்த வேலை அது, அம்மா போன பிறகு முழுப் பொறுப்பும் அக்கா தலையில். ஒருநாள் அவள் குளிக்கப் போயிருந்த நேரம், “சத்தம் கொஞ்சம் கூடத்தான் இருக்கு” என்று அப்பா டிவியிடமே சொன்னார். அத்தான் டிவிக்குக் கீழ்ப்படிகிற மாதிரி எழுந்துபோய்ச் சத்தத்தைக் குறைத்தார். நான் சமையலறைக்குள் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன்.

ஆனால் அத்தானுக்கு அது சிரிப்பாக இல்லை. கல்யாணமான நாலாவது வருஷம் அப்பாவின் காருக்கு சீட் உறை தைத்தார். அளவு கேட்க முடியாதே, அதனால் அப்பா வந்து வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும்போது வெளியே போய்க் கார் ஜன்னல் வழியாக நூலைப் பிடித்து அளந்தார். இரண்டு மாதம், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் தைத்தது. பொட்டலமாகக் கட்டி அக்காவிடம் கொடுத்தனுப்பினார். அக்கா திரும்பி வந்து, “தையல் நேரா இருக்குன்னு அப்பா சொன்னாரு” என்றாள். அந்த மூன்று வார்த்தையை அத்தான் என் காதுபடவே அஞ்சாறு தடவை சொல்லியிருக்கிறார். “மாமா சொன்னாராம், தையல் நேரா இருக்குன்னு.” ஃபேக்டரியில் யாரிடமெல்லாம் சொன்னாரோ. உறை ஏன் இன்னும் வண்டியில் ஏறவில்லை என்று கேட்டதற்கு, அழுக்காகிவிடும் என்று அப்பா பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறார் என்று அக்கா சொல்லிவிட்டாள்.

பதினாலு வருஷத்துக்கு முன்னால் அக்காவுக்குத் தொண்டையில் ஆபரேஷன் நடந்தது. வகுப்பில் கத்திக் கத்திக் குரல் நாணில் சின்னச் சின்னக் கட்டி. எடுத்துவிட்டார்கள், ஆனால் இரண்டு வாரம் ஒரு வார்த்தை பேசக்கூடாது, கிசுகிசுக்கக்கூடக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஒத்தாசைக்கு நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். அக்கா ஒரு நோட்டும் பேனாவுமாக அலைந்துகொண்டிருந்தாள்.

அதே வாரத்தில்தான் அப்பாவின் காருக்கு டைமிங் பெல்ட் மாற்றியாக வேண்டும் என்று வந்து நின்றது. எஞ்சினுக்குள் மேலே வால்வுகள் இறங்கி ஏறும், கீழே பிஸ்டன்கள் ஏறி இறங்கும். ஒன்றோடொன்று மோதாமல் இரண்டையும் ஒரே தாளத்தில் கட்டி வைத்திருப்பது பல் வைத்த ஒரு ரப்பர் பெல்ட். அது அறுந்தால் எஞ்சின் போச்சு. அப்பா நம்பியிருந்த ஒரே மெக்கானிக் கடையை மூடிவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டார். போகும்போது, “அந்த பெல்ட்டை மட்டும் இந்த வருஷம் மாத்திருங்க, தள்ளிப் போடாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அப்பா வேறொரு ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியைக் கொண்டுபோனார். அங்கே வேலை செய்தவன் காதில் போனை இடுக்கிக்கொண்டே மூடியைத் திறந்தானாம். அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். எஞ்சின் போனால் அந்தப் பழைய வண்டியை எடைக்குத்தான் போட வேண்டும். அம்மா கடைசியாக உட்கார்ந்து போன வண்டி. இடது கதவுப் பையில் அவள் சீப்பு அப்படியேதான் இருந்தது, அதை எடுக்க அப்பா யாரையும் விட்டதில்லை.

அக்கா நோட்டில் எழுதினாள்: ‘வண்டியை இங்க கொண்டு வாங்க. இவர் மாத்துவார். நீங்க கூட நின்னு பாருங்க.’

“இது தையல் மிஷின் இல்லைன்னு சொல்லு” என்றார் அப்பா, என்னைப் பார்த்து.

அத்தான் அதைக் கேட்டுக்கொண்டேதான் எதிரில் உட்கார்ந்திருந்தார். “ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்லும்மா. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, நேரத்துக்குச் சந்திக்கணும். புத்தகம் வாங்கிப் படிச்சுட்டேன்னு சொல்லு.”

அப்பா வாயைத் திறந்தார். அக்கா அதே தாளை மறுபடி நீட்டினாள். பேசுகிறவளிடம் சண்டை போடலாம், எழுதிக் காட்டுகிறவளிடம் என்ன செய்வது. ஞாயிற்றுக்கிழமை காலை வண்டி அக்கா வீட்டுக் கொட்டகைக்கு வந்துவிட்டது.

அக்காவின் கணக்கு எனக்குப் புரிந்தது. இரண்டு பேரையும் ஒரே எஞ்சின் மேல் குனிய வைத்துவிட்டால் எப்படியும் பேசித்தானே ஆக வேண்டும். அவள் அலுத்துப் போயிருந்தாள். தனக்குப் பிறகும் இவர்கள் இப்படியே இருந்துவிடுவார்களோ என்று ஆபரேஷனுக்கு முந்தின நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் கணக்கில் விட்டுப்போனது ஒன்றுதான்: நான் அங்கே இருப்பேன் என்பது.

ஜாக்கி எடுக்க அத்தான் டிக்கியைத் திறந்தார். ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் பேப்பர் சுற்றிய ஒரு பொட்டலம். சணல் முடிச்சு அவர் போட்ட முடிச்சு. அந்த சீட் உறைதான், ஐந்து வருஷமாக யாரும் அதை அவிழ்க்கவில்லை. அத்தான் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அலுங்காமல் ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு ஜாக்கியை எடுத்துக்கொண்டு போனார். அக்கா பக்கம் திரும்பவே இல்லை. அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வலது பக்க முன்சக்கரத்தைக் கழற்றி, வண்டிக்கு அடியில் கட்டை முட்டுக் கொடுத்தார்கள். சக்கரம் இருந்த குழிக்குள் தலையைவிட்டு அத்தான் படுத்துக்கொண்டார். கீழ்ப் பல்சக்கரம் அங்கேதான் இருக்கிறது, அதைத் திருப்புகிற நட்டும் அங்கேதான். மேல் பல்சக்கரம் எஞ்சினின் உச்சியில் இருந்தது. அங்கே அப்பா டார்ச்சோடு நின்றார். கீழே இருப்பவருக்கு மேலே உள்ள அடையாளம் தெரியாது, மேலே இருப்பவருக்குக் கீழே என்ன நடக்கிறது என்று தெரியாது. ஒருவர் சொல்ல ஒருவர் செய்தால்தான் நடக்கிற வேலை. நடுவில், பம்பருக்குப் பக்கத்தில் நான். வாசற்படியில் ஸ்டூல் போட்டு அக்கா.

கழற்றிய போல்ட்டுகளை அத்தான் ஒரு பழைய படுக்கை விரிப்பில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் சுற்றித் தையல் சாக்கட்டியால் வட்டம் போட்டு எண் எழுதினார்.

“என்னது இது, ஆஸ்பத்திரியா?” என்றார் அப்பா என்னிடம்.

“நல்லா அடுக்கியிருக்கீங்கன்னு அப்பா சொல்றாரு, அத்தான்” என்றேன்.

குழிக்குள்ளிருந்து அத்தானின் முகம் வெளியே வந்து ஒரு கணம் மலர்ந்துவிட்டுப் போனது. எனக்கு ருசி கண்டுவிட்டது. நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். எந்த ஃப்ரேமை மாட்டினாலும் ‘உங்க முகத்துக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு சார்’ என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். அப்பா சொன்னதை எல்லாம் முள் நீக்கித்தான் கீழே அனுப்பினேன். ஒன்றை மட்டும் அப்படியே சொன்னேன்: “தையல் மிஷின் மாதிரி விரலால சுத்த முடியாது, உள்ள காத்து அடைச்சிருக்கும், பலம் போட்டாத்தான் நகரும்னு அப்பா சொல்றாரு.”

“சரிம்மா” என்றார் அத்தான்.

அக்காவின் டீச்சர் பையில் தப்பை அழிக்கிற வெள்ளை மைப் புட்டி இருந்தது. அதை வைத்து மேல் சக்கரத்திலும் கீழ்ச் சக்கரத்திலும், எஞ்சினில் போட்டிருக்கிற கோட்டுக்கு நேராகப் புள்ளி வைத்துவிட்டுப் பழைய பெல்ட்டை உருவினார்கள். பக்கத்தில் மயிரிழை மாதிரி விரிசல் விட்டிருந்தது. அப்பா அதை வளைத்துப் பார்த்துவிட்டு கீழே போட்டார்.

மேல் சக்கரத்துக்கு ஒரு கெட்ட குணம். பெல்ட் இல்லாதபோது உள்ளே இருக்கிற ஸ்பிரிங்குகள் தள்ளி, அது தன்னிஷ்டத்துக்கு நகரப் பார்க்கும். அதனால் புது பெல்ட்டை மாட்டி முடிக்கும்வரை அப்பா அதை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கீழிருந்து அத்தான் பெல்ட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு அப்போது எழுபது. கை நடுங்குவதை நான் பார்த்தேன், நான் பார்த்ததை அவரும் பார்த்தார். ‘டக்’ என்று ஒரு சத்தம்.

“அவசரப்பட்டு இழுத்ததுல மூணு பல்லு தள்ளிடுச்சு” என்றார் அப்பா என்னிடம், குரலை உயர்த்தாமல். “பெல்ட்டை எடுத்துட்டு மறுபடி மாட்டணும். ஊசி நூல் பாக்குற கைக்கு எஞ்சின்ல என்ன அவசரம்? அப்படியே சொல்லு அவர்கிட்ட.” சொல்லிவிட்டு, மாத்திரை போடுகிற நேரம் என்று கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார்.

காலையிலிருந்து அந்தப் பொட்டலம் என் கண்ணிலேயே நின்றது. இன்னும் ஒரு குத்தல் அத்தான் காதில் விழ வேண்டுமா என்று நினைத்தேன். “அவசரமில்லையாம் அத்தான், மெதுவாவே பண்ணலாமாம்” என்றேன். முள்ளை மட்டும் எடுக்கத்தான் நினைத்தேன், பல்லும் சேர்ந்து போய்விட்டது. மூன்று பல் என்றால் என்ன, தள்ளினால் என்ன ஆகும், எனக்கு ஒரு மண்ணும் தெரியாது.

“மேல புள்ளி நேரா இருக்கான்னு மாமாகிட்ட கேளும்மா.”

அத்தான் எழுந்து ஒரு எட்டுப் பார்த்திருக்கலாம். ஆனால் மேல் பக்கம் மாமாவின் பொறுப்பு, அதில் தான் தலை நீட்டினால் மரியாதைக் குறைவு என்று அவருக்கு. நான் எட்டிப் பார்த்தேன். ஒரு வெள்ளைப் புள்ளி, பக்கத்தில் ஒரு கோடு. பக்கத்தில்தானே இருக்கிறது. “இருக்கு அத்தான்” என்றேன். அவர் பெல்ட்டை இறுக்கினார்.

பிறகு அவருடைய அந்தச் சுற்று. சாவி போடுவதற்கு முன் கையால். நட்டில் ஸ்பேனரைப் போட்டுத் திருப்பினார். கொஞ்ச தூரம் வந்தது, நின்றது.

“நின்னுருச்சும்மா.”

“பலம் போட்டாத்தான் நகரும்னு அப்பா சொன்னாரே, அத்தான்.”

“அது சரி. இப்படி நின்னா எங்க மிஷின்ல ஊசி மோதுதுன்னு அர்த்தம்.” ஸ்பேனரை லேசாக ஆட்டிப் பார்த்தார். “ஆனா இது தையல் மிஷின் இல்லையே” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கொட்டகை மூலையிலிருந்து ஒரு இரும்பு பைப்பை எடுத்து வந்தார். ஸ்பேனரின் வாலில் பைப்பைச் சொருகினால் கை நீளமாகும், பலம் இரண்டு மடங்காகும். சொருகிவிட்டு, ஒரு காலை ஊன்றி, உடம்பையே அதன்மேல் சாய்க்கப் போனார்.

“யோவ், நிறுத்துய்யா. காதுல விழலையா?”

வாசலில் அப்பா நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் தண்ணீர் டம்ளர், தண்ணீர் பாதி சட்டையில். அத்தான் பைப்பை விட்டுவிட்டு நிமிர்ந்த வேகத்தில் தலை குழியின் விளிம்பில் மோதியது. அப்பா செருப்புக்கூடப் போடாமல் இறங்கி வந்தார்.

“மூணு பல்லு தள்ளியிருக்குன்னு சொன்னேன்ல? கழட்டி மாட்டுன்னு சொன்னேன்ல? பைப்பைப் போட்டு நெம்புற. வால்வு வளைஞ்சா வண்டி குப்பைக்குத்தான்யா. அறிவிருக்கா உனக்கு?”

அத்தான் தலையைத் தடவிக்கொண்டே எழுந்து நின்றார். அவர் குரல் எப்போதும் போல மெதுவாகத்தான் வந்தது. “நீங்க எங்கிட்ட எங்க சொன்னீங்க, மாமா?”

அப்பாவுக்கு அப்போதுதான் உறைத்தது. திட்டியதைவிட, யாரைத் திட்டினோம் என்பது. எனக்கு அழுகை வந்துவிட்டது. “நான்தான்ப்பா சொல்லல. மெதுவா பண்ணச் சொன்னாருன்னு மாத்திச் சொல்லிட்டேன். அத்தான் மேல தப்பில்ல.”

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து வேகவேகமாக எழுதிக்கொண்டிருந்தாள். எழுந்து வந்து நோட்டை முதலில் அப்பாவிடம் காட்டினாள், பிறகு அத்தானிடம். ‘அவளைத் திட்டாதீங்க. ஒன்பது வருஷமா நானும் இதைத்தான் செஞ்சேன். நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டதுல பாதி நான் பேசினது.’ அதற்குக் கீழே இன்னொரு வரி: ‘தையல் நேரா இருக்குன்னு அப்பா சொல்லவே இல்லை.’

அத்தான் படித்துவிட்டு நோட்டை அவள் கையிலேயே கொடுத்தார். “தெரியும். காலையில டிக்கியில பாத்தேன்” என்றார்.

அப்பா டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுற்றுமுற்றும் பார்த்து, கடைசியில் போல்ட் விரிப்பில், காலியாக இருந்த ஒரு சாக்கட்டி வட்டத்துக்குள் வைத்தார். நேராக அத்தானைப் பார்த்தார்.

“சுத்தும்போது எப்படி நின்னுச்சு? அமுங்கி அமுங்கி நின்னுச்சா, டக்குன்னு நின்னுச்சா?”

“டக்குன்னு. ஊசி கொக்கியில மோதுற மாதிரி.”

“அமுங்கினா காத்து, டக்குன்னா வால்வு. உன் கைக்குத் தெரிஞ்சிருக்குல்ல. தெரிஞ்சும் ஏன்யா நெம்பப் போன?”

“இது தையல் மிஷின் இல்லைன்னு சொன்னீங்க.”

அப்பா குனிந்து ஸ்பேனரிலிருந்து பைப்பை உருவி ஓரமாக வைத்தார். பிறகு, “எல்லாம் மிஷின்தான்” என்றார். இன்னும் கொஞ்சம் பொறுத்து, “நீ இழுத்ததுல போகல. என் கைதான் நழுவுச்சு” என்றார்.

அத்தான் மறுபடி குழிக்குள் படுத்தார். பெல்ட்டைத் தளர்த்தி எடுத்தார்கள். “நீ கீழ தொடாத, நான் மேல கொண்டுவரேன்.” “பிடிச்சிருக்கீங்களா மாமா?” “பிடிச்சிருக்கேன், ஏத்து.” “ஏத்திட்டேன்.” “மெதுவா இறுக்கு.” எனக்கு அங்கே வேலையே இல்லாமல் போனது. பிறகு அத்தான் திருப்ப, மேலிருந்து அப்பா, “வா, வா, இன்னும் வா, போதும்” என்றார். இரண்டு முழுச் சுற்று. பஞ்சுமேல் உருட்டுகிற மாதிரி அமுங்கி அமுங்கி வந்து, வெள்ளைப் புள்ளி இரண்டும் அதனதன் கோட்டில் போய் நின்றன.

அப்பா சாவியைப் போட்டார். வால்வு ஏதாவது ஏற்கெனவே வளைந்திருந்தால் இப்போது தெரிந்துவிடும். அக்கா என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தாள், அடுத்த நாள் பார்த்தால் நகக்குறி இருந்தது. எஞ்சின் ஒரு தரம் முனகிவிட்டுப் பிடித்துக்கொண்டது. அப்பா கண்ணை மூடிக் கேட்டார், இறங்கி வந்து மட்கார்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். தலையை ஆட்டினார். வாயில் கை வைத்துப் பொத்திக்கொண்டு அக்கா அழுதாள். சத்தம் போட்டு அழக்கூட அவளுக்கு டாக்டர் அனுமதி இல்லை.

சக்கரத்தை மாட்டியதும் அப்பா டிக்கியைத் திறந்து பொட்டலத்தை எடுத்தார். “இதை மாட்டச் சொ...” என்று பழக்கதோஷத்தில் என்னிடம் ஆரம்பித்தவர், நிறுத்தி, அத்தான் பக்கம் திரும்பினார். “இதை எப்படி மாட்றது?”

மாட்டினார்கள். ஒரு சுருக்கம் இல்லை. அப்பா கட்டை விரலால் தையலைக் கடைசிவரை தடவிக்கொண்டே போனார். நேராக இருக்கிறது என்று அப்போதும் சொல்லவில்லை, அது வேறு விஷயம். “ஏறு” என்றார். இருவரும் ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார்கள். என்ன பேசினீர்கள் என்று நான் அத்தானைத் தனியாகக் கேட்டேன். “ஒண்ணும் பேசல. திரும்பி வரும்போது ஸ்டியரிங்கைக் குடுத்தாரு. கிளட்ச்சை மிதிச்சுக்கிட்டே ஓட்டுறேன்னு வழி முழுக்கத் திட்டினாரு” என்றார். பரிசு வாங்கிக்கொண்டு வந்த முகம்.

அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் அப்பா அவரைத் திட்டினார். அக்கா வீட்டுக்கே வந்துவிட்டார், காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம்வரை ஏதாவது ஒன்று. போனில் அத்தானிடம் நலம் விசாரித்தால், “இன்னிக்கு ரெண்டு தடவைதான் திட்டினாரு, உடம்பு கொஞ்சம் சரியில்ல போல” என்பார். ஏழு வருஷத்துக்கு முன்னால் பெல்ட்டை மறுபடி மாற்றியபோது, எந்த போல்ட் முதலில் என்று இரண்டு பேரும் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். “பேசாமலே இருந்திருக்கலாம்” என்று அக்கா காதைப் பொத்திக்கொண்டாள். அந்த நாளை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பும் ஏக்கமும் சேர்ந்தே வரும். கொட்டகை நிறைய அவர்கள் குரல் இருந்தது.

அப்பா போய் இரண்டு வருஷமாகிறது. வண்டி அத்தானிடம்தான் இருக்கிறது. ஓட்டுநர் சீட்டின் உறை மட்டும் தேய்ந்து நூல் வெளுத்துவிட்டது, மாற்ற மாட்டேன் என்கிறார். சீப்பு அதே கதவுப் பையில் இருக்கிறது. போன மாதம் பெல்ட் மாற்றும் முறை மறுபடி வந்தது. “மேல நிக்க ஆள் வேணும்மா” என்று போன் பண்ணினார். நான் போனேன்.

அதே கொட்டகை, அதே விரிப்பு, அதே சாக்கட்டி வட்டங்கள். அத்தானுக்கும் வயதாகிவிட்டது, குழிக்குள் படுக்கவே இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்தார். நான் அப்பா நின்ற இடத்தில் டார்ச்சோடு நின்றேன். புது பெல்ட்டை மாட்டி இறுக்கியாயிற்று. “சுத்துறேம்மா, புள்ளி வந்ததும் சொல்லு” என்றார். சக்கரம் மெதுவாக வந்தது. ஒரு சுற்று. இரண்டாவது சுற்று. வெள்ளைப் புள்ளி ஏறி வந்து கோட்டைத் தொட்டது. ‘போதும் அத்தான்’ என்றுதான் சொல்ல வாயெடுத்தேன்.

“யோவ், நிறுத்துய்யா. காதுல விழலையா?”

என் வாய்தான் சொன்னது, எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. ஒரு வார்த்தை மாற்றாமல், அப்பா சொன்னது சொன்னபடி வந்தது. கீழே ஸ்பேனர் நின்றது. சமையலறையில் அக்கா உருட்டிக்கொண்டிருந்த பாத்திரச் சத்தமும் நின்றது. குழிக்கு வெளியே நீட்டியிருந்த அத்தானின் கால்கள் இரண்டும் அசையவில்லை. நான் தப்பு செய்துவிட்டேனோ என்று பயந்து குனியப் போனேன்.

“விழுந்துச்சு மாமா” என்றது உள்ளிருந்து குரல்.